மஞ்சள் தண்ணீரில் கழுவிய முட்டைகள்

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாத வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதை ஒரு பெண் கொழும்பில் காலி வீதி பஸ்ஸில் சொன்னாள். நெரிசலில் பஸ் நகராமல் நின்றது. எனக்கு முன் இருக்கையில் இருந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம், “முட்டையை நான் கழுவியிருக்கக் கூடாதாம்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். மற்றவள் அவளுடைய தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த தரிப்பில் இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

எனக்கு அன்று இரவு நித்திரை இல்லை. கழுவினதற்காக ஒருத்தி பஸ்ஸில் அழுகிற அளவுக்கு அது என்ன முட்டை? சமையல் முட்டையாக இருக்க முடியாது. அடைக்கு வைத்த முட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று நானாக முடிவு செய்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. ஆளும், வீடும், மழையும், பொய்யும் நான் கட்டியவை. ஆகவே பிழை இருந்தால் பஸ்ஸில் அழுதவளைக் கோபிக்க வேண்டாம்.

தொடக்கம் மூன்று முறை எழுதினேன். அடித்ததையும் விட்டு வைக்கிறேன், பாருங்கள்.

“வெள்ளவத்தையில் மழை பெய்தால் அது முதலில் கால்வாய்க்குத்தான் –” (வேண்டாம். மழையில் தொடங்குகிற கதைகள் ஏற்கெனவே ஒரு கால்வாய் நிறைய இருக்கின்றன.)

“ஓட்டுக்குள் உறங்கும் உயிர் என்பது –” (இதை எழுதிய கையில் நானே ஓர் அடி போட்டேன்.)

“மிதுனா கோழிக்குப் பயந்தவள்.”

இது நிற்கட்டும்.

2

மிதுனா கோழிக்குப் பயந்தவள். இறகு பட்டாலே உடம்பு கூசும். அப்படிப்பட்டவளிடம்தான் அடுத்த வீட்டு உம்மு குல்தூம், மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்படுகிற காலையில், அடையில் கிடக்கும் கோழியை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் பொறுங்கள். முதல் பிரதியில் மிதுனாவுக்குப் பிள்ளை இல்லை என்று எழுதியிருந்தேன். அடைக்கோழியையும் பிள்ளையில்லாதவளையும் ஒரே கூடையில் வைத்துவிட்டால் கதை தானாகப் பொரித்துவிடும் என்ற நினைப்பு. இரண்டு பக்கம் போனதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. கோழி வளர்க்கிற வீடுகளில் கோழி என்றால் கோழிதான். அதனால் மிதுனாவுக்கு ஒரு மகளைக் கொடுத்தேன். அந்த மகள் இந்தக் கதையில் வரமாட்டாள். சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது, எந்நேரமும் டியூசனில் இருக்கிறாள்.

கணவன் பிரசாந் கட்டாரில். பகலில் வீட்டில் மிதுனாவும் மாமியார் அன்னபாக்கியமும்தான். ஒழுங்கையில் இருக்கிற இருபது வீட்டிலும் மிதுனா வாய் திறந்து கதைப்பது குல்தூம் அக்காவோடு மட்டும். வந்த புதிதில் அவளுக்கு டெங்கு வந்து எழும்ப முடியாமல் கிடந்தபோது, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, பப்பாசி இலைச்சாறு பிழிந்துகொண்டு வந்தவர் அவர். அது ஆறு வருடப் பழக்கம். பிரசாந்திடம் சொல்லாததையெல்லாம் மிதுனா அந்த மதிலில்தான் சொல்லியிருக்கிறாள்.

சரி, முட்டைக்கு வருவோம். குல்தூம் அக்காவின் கோழிகள் கழுத்தில் இறகில்லாத இனம். முப்பது வருடத்துக்கு முன் அவருடைய கலியாணத்துக்குச் சீராக வந்த சோடியின் வழியில் வந்தவை. பார்க்க அழகில்லை, ஆனால் வெக்கை தாங்கும், நோய் தாங்கும். அந்த இனத்தில் இருந்த ஒரே சேவல் பின்னால் எடுத்த ஓட்டோவில் அடிபட்டுச் செத்துப்போனது. அது செத்த பிறகு பேடுகள் இட்டதெல்லாம் கறிக்குத்தான் ஆகும். சாகிறதுக்கு முன் இட்ட பதினொரு முட்டை இருந்தது. அதைத்தான் அக்கா அடைக்கு வைத்தார்.* இவை பொரித்து, அதிலே ஒரு சேவலாவது இருந்தால் இனம் நிற்கும். இல்லாவிட்டால் முப்பது வருடம் அவ்வளவுதான்.

இதை மிதுனா நன்றாக அறிந்திருந்தாள். பயமே அதுதான்.

* அடைக்கு ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். ஏன் என்று நான் விசாரித்த நாலு பேரும் நாலு காரணம் சொன்னார்கள். நாலு பேருமே ஒற்றைப்படையில்தான் வைக்கிறார்கள்.

3

ஒப்படைத்தபோது சொன்ன புத்திமதி இவ்வளவு: நாளுக்கு ஒருமுறை கோழியைத் தூக்கி வெளியே விட வேண்டும். அது தின்று, குடித்து, எச்சமிட்டுவிட்டுத் தானே வந்து ஏறும். முட்டை ஆறுவதற்குள் வராவிட்டால் பிடித்து வைக்க வேண்டும். கூடையில் இடிச்சத்தத்தில் முட்டை கெடாமலிருக்கப் போட்டிருக்கும் இரும்பு ஆணியையும் கரித்துண்டையும் எடுக்கக் கூடாது. கூட்டுக் கதவைத் திறந்து வைத்தால் கால்வாயிலிருந்து கபரகொயா என்கிற பெரிய உடும்பு வந்து முட்டையை விழுங்கிவிடும். அவ்வளவுதான். முட்டையைக் கழுவாதே என்று சொல்லவில்லை. முட்டையைக் கறி வைக்காதே என்றும்தான் சொல்லவில்லை. அதெல்லாம் யாராவது சொல்வார்களா?

முதல் கிழமை மிதுனா பிரசாந்தின் பழைய மோட்டார் சைக்கிள் கையுறையைப் போட்டுக்கொண்டு போனாள். கோழி உடம்பை ஊதிக் கொக்கரித்தது, கையுறையைக் கொத்தியது. இரண்டாவது கிழமை கையுறை இல்லாமலே தூக்கினாள். அதன் வயிற்றுப் பக்கம் அடுப்படி மாதிரிச் சுட்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மதீனாவிலிருந்து அக்கா நாள் தவறாமல் வாட்ஸ்அப்பில் எடுத்து, எல்லாம் சரியா மகள் என்று கேட்பார். எல்லாம் சரி அக்கா என்பாள் மிதுனா. அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

4

(மழையில் தொடங்கக் கூடாது என்றேனே தவிர, மழையே வரக்கூடாது என்று சொல்லவில்லை.)

கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று பிடித்த மழை விடவில்லை. கால்வாய் நிரம்பி, குல்தூம் அக்காவின் பின்வளவில் கணுக்கால் அளவு தண்ணீர். கோழிக்கூட்டின் தரை நனைந்துவிட்டது. மதில் ஓரம் ஒரு கபரகொயா தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் மிதுனா யோசிக்கவில்லை. கோழியோடு கூடையைத் தூக்கி, மேலே குடையையும் பிடித்துக்கொண்டு, தன்னுடைய வீட்டுக் குசினிக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

பிறகுதான் யோசித்தாள். சஷ்டி ஆறு நாளும் அந்த வீட்டில் மச்ச மாமிசம் கிடையாது. முட்டை வைக்கிற கோப்பை கூட அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வீடு முழுக்கக் கழுவி, மாமி ஒரு நேரம் பாலும் பழமுமாக இருக்கிறார். அந்த வீட்டுக்குள் பதினொரு முட்டை.

இந்த இடத்தில் அன்னபாக்கியம் ஒரு பாட்டம் கத்த வேண்டும் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். மாமியார் என்றால் கத்துவார், மருமகள் அழுவாள், எனக்கு ஒரு பக்கம் நிறையும். வசனம் கூட எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்த மனுசி கூடையைக் குனிந்து பார்த்துவிட்டு, கோழியையும் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“சேவல் கொடி வைச்சிருக்கிறவர் எல்லோ அவர். உள்ளுக்குக் கிடக்கிறது சேவலோ பேடோ ஆருக்குத் தெரியும்? இருக்கட்டும் பிள்ளை. சாமியறைப் பக்கம் மட்டும் கொண்டு வராதை.”

என்னுடைய வசனத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

5

இந்தப் பகுதியை எழுதக் கை வரவில்லை. இரண்டு நாள் எழும்பி எழும்பிப் போனேன், தேத்தண்ணி போட்டேன், மேசையைத் துடைத்தேன். ஒரு டெலிபோன் அடித்தால் போதும், மிதுனா எழுந்து போய்விடுவாள், முட்டை தப்பும். அடிக்க வைக்கிறது என் கையில்தான் இருக்கிறது. வைத்தால் கதை இல்லை. இப்படிப்பட்ட தொழில் இது.

நடந்தது இதுதான். பதினொன்றில் ஒன்று கூழ்முட்டை. அது யாருக்கும் தெரியாது. விரதத்தின் நாலாம் நாள் கோழி இரை தின்ன இறங்கியிருந்தபோது அந்த முட்டை ‘டொப்’ என்று வெடித்தது. நாற்றம் குசினி தாண்டி, கூடம் தாண்டி, சாமியறை வாசல் வரைக்கும் போய்விட்டது. மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு, மஞ்சள் தண்ணி கரைத்து வீட்டுக்குத் தெளி பிள்ளை என்றார். வீட்டுக்குத் தெளிக்கத்தான் சொன்னார்.

மிதுனா கரைத்தாள். தெளித்தாள். திரும்பி வந்து கூடையைப் பார்த்தாள். மிச்சம் பத்து முட்டையிலும் பச்சையும் கறுப்புமாக அழுகல் பூசியிருந்தது. அடுத்த வீட்டுப் பொருள், வைத்திருப்பது விரத வீட்டில், இந்தக் கோலத்தில் எப்படி விடுவது? பேசினில் மஞ்சள் தண்ணீர் இன்னும் மிச்சம் இருந்தது. குழாயிலிருந்து பிடித்த பச்சைத் தண்ணீர். குத்துவிளக்குக் கழுவுகிற பக்குவத்தோடு ஒவ்வொரு முட்டையாக எடுத்து, அமிழ்த்தி, விரலால் உரசி, துவாயில் ஒற்றி வைத்தாள். ஓட்டில் இருந்த வழவழப்பு போய், முட்டை கையில் கரகரத்தது. அவளுக்கு அது சுத்தமாக இருந்தது. வைக்கோலும் புதிது போட்டாள். கோழி வந்து ஏறி, முட்டைகளை அலகால் புரட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தது. மிதுனாவுக்குச் சந்தோசம். இந்த மூன்று கிழமையில் தான் செய்ததிலேயே நல்ல காரியம் இதுதான் என்று நினைத்தாள்.

(பத்து. இரட்டைப்படை. அதுவும் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.)

6

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சும்மா இருக்கமாட்டாமல் போனில் தேடிப் பார்த்தாள். அடை முட்டையை ஒருபோதும் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, அதுதான் காவல். பச்சைத் தண்ணீரில் போட்டால் முட்டை உள்ளே சுருங்கும், வெளியில் இருக்கிற அழுக்கை ஓட்டின் துவாரத்தால் உறிஞ்சும். ஒரு இடத்தில் இப்படி இருந்தது. இன்னொரு இடத்திலும் இப்படித்தான் இருந்தது. வேறு மாதிரிச் சொல்லும் ஓர் ஆளைத் தேடி அவள் மாலை வரைக்கும் போனை விடவில்லை. யாரோ ஒருத்தர் தான் கழுவியும் பொரித்தது என்று எழுதியிருந்தார். அவர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவினாராம்.

குளியலறையில் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, போன் வெளிச்சத்தில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தாள். இந்தக் கடைசிக் கட்டத்தில் குஞ்சு ஓடு முட்ட நிறைந்திருக்கும், அதனால் உயிரோடு இருந்தாலும் கறுப்பாகத்தான் தெரியும். செத்திருந்தாலும் கறுப்புத்தான். அசைந்தது மாதிரி இருந்தது. போன் வெளிச்சம்தான் அசைந்தது என்று பிறகு கண்டாள்.

அன்று மாலை குல்தூம் அக்கா போன் எடுத்தார். பின்னால் ஆட்களின் இரைச்சல். உங்களுக்கும் துஆ கேட்டேன், மாமிட முழங்காலுக்கும் கேட்டேன், உங்கட மகள்ட சோதினைக்கும் கேட்டேன் என்றார். பிறகு வழக்கம்போல, எல்லாம் சரியா மகள் என்றார்.

எல்லாம் சரி அக்கா என்றாள் மிதுனா.

இந்த வரியை நான் ஐந்து விதமாக மாற்றிப் பார்த்தேன். அவளை விக்க வைத்தேன். சிக்னலைக் கட் பண்ணினேன். மாமியைக் குறுக்கே கூப்பிட வைத்தேன். எல்லாம் அவளுக்கு நான் கட்டிக் கொடுத்த முட்டுக்கள். கடைசியில் அவள் சொன்னபடியே விட்டேன். புனிதப் பயணம் போன இடத்தில் அவரை ஏன் கலங்கடிப்பான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்த மதிலுக்கு இனி யாரும் வராமல் போய்விடுமோ என்ற பயம்.

7

(இந்தப் பகுதி எடுக்கப்பட்டது. இதில் கோழி தன் மனத்தில் நினைப்பதை எழுதியிருந்தேன். என்னை மன்னிக்க வேண்டும்.)

8

முடிவுகள். இருக்கிறதைச் சொல்கிறேன்.

ஒன்று: சூரன்போர் அன்று பின்னேரம், கோயிலில் சூரன் சேவலாக மாறுகிற நேரத்துக்குச் சரியாக, உடுப்புத் தோய்க்கிற இடத்தில் முதல் ஓடு உடைகிறது. வருவது சேவல் குஞ்சு. அன்னபாக்கியம் கும்பிடுகிறார், வாசகர் கண்ணைத் துடைக்கிறார். இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் வாசித்தபோது திருவிழாக் கடைப் படம் மாதிரி இருந்தது. அன்று பொரித்த குஞ்சைச் சேவலா பேடா என்று யார் கண்டார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் தோன்றியது. கிழித்தேன்.

இரண்டு: ஒன்றும் பொரிக்கவில்லை. மிதுனா கோழித் தீனிக் கடைக்குப் போய் அன்று பொரித்த பண்ணைக் குஞ்சுகள் பத்து வாங்கி வந்து, இருட்டில் கோழிக்குக் கீழே விட்டுவிடுகிறாள். கோழி ஏற்றுக்கொள்ளும், இது எல்லாரும் செய்கிற வேலைதான். இதை நான் அவளுக்குச் சும்மா பொருத்திவிடவில்லை. உண்மையாகவே அவள் கடைக்குப் போன் எடுத்து, குஞ்சு இருக்கா தம்பி என்று சிங்களத்தில் விசாரித்தாள். நாளைக்கு வருது என்றான் கடைக்காரன். போனை வைத்த பிறகுதான், அந்தக் குஞ்சுகளுக்குக் கழுத்தில் இறகு முளைக்குமே என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்தில் குல்தூம் அக்கா பார்ப்பார். பார்த்தும் ஒன்றும் கேட்கமாட்டார். அந்தக் கேட்காமையை நினைத்து மிதுனா மறுநாள் கடைப்பக்கம் போகவில்லை.

மூன்று: பொரித்த பிறகு உண்மையைச் சொல்கிறாள். குஞ்சு வந்தால் சிரித்துக்கொண்டு சொல்லலாம், வராவிட்டால் அழுதுகொண்டு சொல்லலாம். எப்படியோ காரியம் முடிந்திருக்கும். நான் இதைத்தான் தெரிவு செய்து வைத்திருந்தேன். நாகரிகமான முடிவு, எவருக்கும் நட்டமில்லை.

மிதுனா அதுவரைக்கும் பொறுக்கவில்லை.

9

சூரன்போர் அன்று காலை. மிதுனாவும் அன்றைக்கு முழு விரதம். மாமி கோயிலுக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தார். அன்றோ மறுநாளோ பொரிக்க வேண்டும். முட்டைகளில் ஒரு கீறல் கூட இல்லை. குல்தூம் அக்கா ஜித்தா விமான நிலையத்தில் இருக்கிற நேரம் அது. வழக்கமாக அவர்தான் எடுப்பார். அன்றைக்கு மிதுனா எடுத்தாள். கோழிக் கூடைக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் இருந்துகொண்டு எடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அக்கா, முட்டையை நான் கழுவிப்போட்டன்.”

அந்தப் பக்கம் அறிவித்தல் ஒன்று அரபியில் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்த பிறகுதான் அக்கா கேட்டார்.

“என்ன தண்ணி?”

“பச்சைத் தண்ணி. மஞ்சள் போட்டு. ஒண்டு வெடிச்சு எல்லாத்திலயும் பூசிப்போட்டுது. சுத்தமா இருக்கட்டும் எண்டு நினைச்சன். நீங்கள் கேட்ட நேரமெல்லாம் பொய் சொன்னனான்.”

மிதுனா போனைக் காதிலிருந்து எடுத்து, வைத்துவிட்டாரா என்று பார்த்தாள். இல்லை, செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா மூச்சு விடுவது கேட்டது. அவர் அழுகிறாரோ என்று நான் பயந்தேன். நான் அதை எழுதவில்லை, ஆனால் இருக்கலாம். முப்பது வருடம்.

“கோழி எழும்பிப் போகல்லியே?” என்றார் கடைசியில்.

“இல்லை அக்கா. கிடக்குது.”

“அப்ப அது இன்னம் கைவிடல்ல மகள். நாமளும் இருந்து பாப்பம். நீங்க விரதம் தானே, தண்ணியாவது குடிச்சீங்களா?”

மிதுனா ஓம் என்றாள். அதுவும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை யாரும் கணக்கில் வைக்கமாட்டார்கள்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். கோழி கிடக்கிறது என்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. செத்த முட்டையிலும் கோழி கிடக்கும். ஆற்றங்கல்லை வைத்தாலும் கிடக்கும். அடைச்சூடு ஏறிய கோழிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது பொருட்டில்லை. முப்பது வருடம் கோழி வளர்த்த உம்மு குல்தூமுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மிதுனாவுக்கும் தெரியும், அதையும் அவள் அந்தப் பாழாய்ப்போன போனில் வாசித்திருந்தாள். அக்காவுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ஒருவர் கொடுத்தார், தெரிந்துகொண்டே மற்றவள் வாங்கிக்கொண்டாள். போனை மடியில் வைத்துவிட்டு, மாமி கூப்பிடுவதையும் கேளாமல், மிதுனா விம்மி விம்மி அழுதாள். எழுதிக்கொண்டிருந்த நானும் அழுதேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

10

பொரித்ததா இல்லையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு நடுவில் விடுகிறான் என்று கோபமும் வரும். ஆனால் எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. பொரித்தது என்று எழுதினால், குல்தூம் அக்கா விமான நிலையத்தில் கொடுத்த அந்த ஆறுதல் பலித்த ஜோசியமாகிவிடும். பொரிக்கவில்லை என்று எழுதினால் அது ஏமாற்று வார்த்தையாகிவிடும். அது இரண்டும் இல்லை. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

இப்போது மறுநாள் காலை. மாமி பாறணை முடித்து, கால் நீட்டிக் கண்ணயர்ந்திருக்கிறார். குல்தூம் அக்கா இடையில் விமானம் மாறி வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிவிட்டார், வேன் வந்துகொண்டிருக்கிறது, பேலியகொடையில் வழக்கமான நெரிசல். மிதுனா கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். பத்து முட்டைகளையும் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. நான் எழும்புகிறேன், நீங்கள் இந்த இடத்தில் இருங்கள்.

இடது கையைக் கோழியின் நெஞ்சுக்குக் கீழே விட்டு மெல்ல உயர்த்த வேண்டும். கொத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கையால் ஒரு முட்டையை எடுங்கள். சூடாக இருக்கும், சூட்டை நம்ப வேண்டாம், அது கோழியின் சூடு. காதோடு வைத்துப் பிடியுங்கள். பொரிக்கிறதுக்கு முன் குஞ்சு உள்ளேயிருந்து கத்தும், ஓட்டைத் தட்டும். அவசரப்படாமல் கேளுங்கள். கேட்டால் உடனே மிதுனாவிடம் சொல்லுங்கள்.

ஒன்றும் கேட்காவிட்டால், முட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வேன் வரும்வரைக்கும் அவளுக்குப் பக்கத்தில் இருங்கள்.